அப்பாவின் துப்பாக்கிக்கு வெள்ளைச் சட்டை

நூக்
6 பிப்ரவரி 1989

எனோக்,

'அன்புள்ள தம்பிக்கு' என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கை வரவில்லை. அதனால் வெறும் எனோக்.

உங்கள் ஊர் மலேனே பிரசவத்துக்கு இங்கே மருத்துவமனைக்கு வந்திருக்கிறாள். சலவைக்கூடத்திலிருந்து விரிப்புகளை எடுத்துக்கொண்டு அவள் இருந்த அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அக்கா, எனோக் உங்கப்பா துப்பாக்கிக்கு வெள்ளை அடிச்சுட்டானே, உங்களுக்குத் தெரியுமா? வாசல் அறையில தொங்குது. பொணத்துக்குத் துணி போத்துன மாதிரி இருக்கு."

எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு, விரிப்பை மாற்றிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுகை கோபத்தில் வந்தது, வருத்தத்தில் இல்லை. அதையும் தெரிந்துகொள்.

அந்தத் துப்பாக்கி உன்னுடையது அல்ல. என்னுடையதும் அல்ல. அது அப்பாவுடையது. அவர் போன மூன்றாம் மாதம் எனக்கு மகளாகப் பிறந்து, மினிக் என்று அவர் பெயரையே வாங்கிக்கொண்டு, பெயரோடு அவராகவே திரும்பி வந்து, இன்றைக்கு ஆறு வயதாகி, முன்பல் இரண்டும் விழுந்து, என் சமையலறையில் உட்கார்ந்து மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாளே, அந்த அப்பாவுடையது. அவள் வளரும்வரை நீ வைத்துச் சுடு என்றுதான் கொடுத்தோம். பெயிண்ட் அடி என்று கொடுக்கவில்லை.

துப்பாக்கியின் மரக்கட்டையில் அவர் கன்னம் பதிந்து பதிந்து மெருகேறிய இடம் இருக்கிறது. குட்டிநாய் ஒன்று கடித்த நான்கு பல் தடம் இருக்கிறது. அதன் மேலெல்லாம் படகுக்கு அடிக்கிற பெயிண்டைப் பூசிவிட்டாயா? அப்பா நாற்பது வருஷம் கறுப்புக் குழலோடுதான் பனிக்கட்டி மேல் போனார். சீலும் சுட்டுக்கொண்டு வந்தார். நீ என்ன பெரிய வேட்டைக்காரனாகிவிட்டாய்?

கடைப் போனில் கூப்பிடாதே. அங்கே காப்பி குடிக்க உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் நம் சண்டையைக் கேட்பார்கள். எழுது.

பிபலுக்

*

கிகெர்தாக்
2 மார்ச் 1989

அக்கா,

வெள்ளை அடிக்கவில்லை. மலேனேவுக்குக் கண் பிரசவத்துக்கு முன்னாலும் சரியில்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு ஊர் முழுக்கச் சொல்கிறவள் அவள்.

அது துணி. உறை. தைத்துப் போட்டிருக்கிறேன்.

சூடான வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் உனக்குத் தெரியாமல் போகலாம், சொல்கிறேன். மே மாதம் சீல் பனிக்கட்டியில் தன் மூச்சுத் துளையோரம் ஏறி வெயில் காயும். அரை நிமிஷம் தூங்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி தூங்கும். நான் வெள்ளைத் திரை கட்டிய சிறு வண்டியைத் தள்ளிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போகிறேன். திரை வெள்ளை, என் சட்டை வெள்ளை, கையுறை வெள்ளை. திரையிலிருக்கும் ஓட்டை வழியாக ஒன்றரை முழத்துக்குக் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது அப்பாவின் குழல். போன வசந்தத்தில் மட்டும் எத்தனை சீல் அந்தக் கறுப்பைப் பார்த்துத் தண்ணீரில் விழுந்தது தெரியுமா? அப்பா காலத்தில் மோட்டார் படகு இத்தனை இல்லை. சீலுக்கு இத்தனை பயமும் இல்லை. என் பதினோரு நாய்களுக்கு அப்பாவின் பெருமையைப் போட்டால் தின்னாது.

எப்படி வெள்ளையாக்குவது என்று குளிர்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்பா துப்பாக்கியில் கை வைக்கவே இல்லை. உடைந்துபோன என் பழைய துப்பாக்கியில்தான் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். படகுப் பெயிண்ட் அடித்துச் சுரண்டினால் கட்டையின் வார்னிஷும் சேர்ந்து வந்தது. நர்ஸிடம் கேட்டு வாங்கி ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரி, உரிக்கும்போது தோலைப்போல வார்னிஷை உரித்தது. சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினேன். காய்ந்து உதிர்ந்து, குண்டு ஏற்றும் தாழ்ப்பாளுக்குள் போய் அடைத்துக்கொண்டது. பசையும் வேண்டாம் பூச்சும் வேண்டாம் என்று கடைசியில் துணிக்கு வந்தேன்.

நம் அம்மாவின் பழைய படுக்கை விரிப்பு. குழலுக்கு ஒன்று, கட்டைக்கு இரண்டு, மூன்று துண்டு. நாடா வைத்துக் கட்டுவது. விசையும் தாழ்ப்பாளும் குறி பார்க்கும் முள்ளும் வெளியே இருக்கும். புது வெள்ளை நீலம் அடித்தது. வசந்தத்துப் பனி அப்படி இருக்காது. அதனால் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். வேட்டை முடிந்தால் கழற்றி, குழலை எண்ணெய்த் துணியால் துடைத்து, குளிர்ந்த வாசல் அறையில் தனித்தனியாகத் தொங்கவிடுகிறேன். மலேனே வந்த அன்று உறை சரியாக இருக்கிறதா என்று மாட்டிப் பார்த்திருந்தேன். நாய்ப் பல் தடம் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் வந்து எண்ணிக்கொள்.

இன்னொன்று. கேட்காமல் செய்தேன் என்றுதானே உனக்குக் கோபம்? கேட்டேன். யாருடையதோ அவரிடம் கேட்டேன். போன கோடையில் நீங்கள் வந்திருந்தபோது, அப்பா என் மடியில் உட்கார்ந்து உலர்மீன் கடித்துக்கொண்டிருந்தார். "அப்பா, உங்க துப்பாக்கிய வெள்ளையாக்கிக்கட்டுமா?" என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆக்கிக்கோ மகனே. ஆனா அதுக்கு வலிக்கக் கூடாது."

வலிக்காமல் செய்யத்தான் ஒரு குளிர்காலம் ஆயிற்று.

எனோக்

*

நூக்
27 மார்ச் 1989

எனோக்,

ஐந்து வயதில் இருந்தவளிடம் கேட்டானாம். அவளிடம் "உங்க நாய்க்கு ரெக்கை வச்சுக்கட்டுமா" என்று கேட்டிருந்தாலும் வைத்துக்கோ என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவளிடம் விசாரித்தேன். ஆமாம் சொன்னேன் என்கிறாள். அதோடு விட்டாளா? "என் மகன திட்டாதே" என்று என்னை அதட்டுகிறாள். பல் தேய்க்கச் சொன்னால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவள்.

அவளிடம் கேட்டது தப்பில்லை. அவள் அப்பாதான், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். நான் எங்கே என்பதுதான் என் கேள்வி. நானும் அதே வீட்டில், அதே அறையில்தானே இருந்தேன்? உனக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்தேனே. "அக்கா, இப்படிச் செய்யலாம்னு இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல உன் வாயில் என்ன இருந்தது?

அப்பா செத்ததையும் இப்படித்தான் சொன்னாய். பாதிரியாருக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும். மலேனேவுக்குக்கூடத் தெரியும். ஒன்பதாவது நாள், புதைத்து முடித்த பிறகு, எனக்குச் சேதி வந்தது. ஆறு வருஷமாக அதை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது துப்பாக்கிச் சேதியும் மலேனே வாயிலிருந்து. ஊரில் எல்லோருக்கும் சொல்லி முடித்து மிச்சம் இருந்தால் எனக்கு.

துணியோ பெயிண்டோ, எனக்கு நம்பிக்கை இல்லை. நான் நாள் முழுக்க வெள்ளைத் துணியோடு மாரடிக்கிறவள். துணிக்கு அடியில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கியை அனுப்பிவிடு. அவள் வளரும்வரை அது அவள் வீட்டில் இருக்கட்டும். உடனே. சீல் காலம் முடியட்டும் என்று சாக்குச் சொல்லாதே.

பிபலுக்

*

கிகெர்தாக்
19 ஏப்ரல் 1989

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

துப்பாக்கியை அனுப்பிவிட்டேன். நம் ஊர் ஓலே நூக்குக்கு வருகிறான், அவன் கையில் தோல் பைக்குள் வருகிறது.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பனிக்கட்டியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். ஓலேவின் வண்டி புறப்பட நாய்களைப் பூட்டியாகிவிட்டது. 'உடனே' என்று எழுதியிருந்தீர்கள். உடனே கொடுத்துவிட்டேன்.

இந்த வருஷத்தின் நல்ல ஆறு வாரம் இப்போதுதான் தொடங்குகிறது. நான் கடையில் இரவல் வாங்கிய சின்னத் துப்பாக்கியோடு போகிறேன். அதற்கு அறுபது அடிக்கு மேல் தெம்பு கிடையாது. சீல் என்னை அறுபது அடிக்கு விடாது.

ஒன்பது நாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. முன்னால் இரண்டு போயிருந்தது. இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். எனக்கு அப்போது இருபது வயது. பனிக்கட்டியிலிருந்து அப்பாவின் உடலை வண்டியில் நான்தான் தனியாக இழுத்து வந்தேன். யாரிடம் எதை முதலில் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

துப்பாக்கியை எப்படி வைப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அவர் மகள்தானே.

எனோக்

*

நூக்
10 மே 1989

எனோக்,

'மதிப்புக்குரிய', 'அவர்கள்'. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. உன் மூக்கைச் சிந்திவிட்டவள் நான். எனக்கு 'அவர்கள்' போடுகிறாயா?

துப்பாக்கி போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பையிலிருந்து எடுத்தேன். உறையைப் பிரிக்கவில்லை. பிரிக்கப் போவதும் இல்லை. அடியில் என்ன செய்து வைத்திருக்கிறாயோ, பார்த்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அப்படியே வரவேற்பறையில், ரேடியேட்டருக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். என் தம்பி அதற்குச் சட்டை தைத்திருக்கிறான் என்கிறேன். சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

தையல் மோசமில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தொழில் தெரிந்தவள் என்ற முறையில்.

அப்பா தினமும் நாற்காலி போட்டு ஏறி அதைத் தொட்டுப் பார்க்கிறாள். "அது ஏன் அழுவுது?" என்று நேற்று கேட்டாள். துணி கொஞ்சம் ஈரமாக இருந்ததைத்தான் அப்படிச் சொல்கிறாள். குழந்தைப் பேச்சு. கீழே ரேடியேட்டர் இருக்கிறது, தானே காய்ந்துவிடும் என்றேன்.

நீ இருபது வயதில் தனியாக இழுத்து வந்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதை ஆறு வருஷம் கழித்து, அதுவும் கோபத்தில்தான் எனக்குச் சொல்ல வேண்டுமா? அதற்கும் சேர்த்துக் கோபமாக இருக்கிறேன்.

பிபலுக்

*

கிகெர்தாக்
31 மே 1989

அக்கா,

ரேடியேட்டருக்கு மேலேயா?

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்தேன். அங்கேயே கத்திவிட்டேன். உடனே போன் போட்டேன். மூன்று முறை. என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடைக்காரர் சொன்னார், "விடுப்பா, எழுதிப் போடு. இன்னிக்கு தபாலை ஹெலிகாப்டருக்குக் கொண்டுபோற வண்டி இருக்கு." காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எனக்குப் பேனா தேடினார்கள். சண்டை ஊருக்குத் தெரியக் கூடாது என்றாய். இப்போது நாய்களுக்கும் தெரியும்.

இப்போதே எழுந்து போய் அதைக் கழற்று. இந்தக் கடிதத்தை அப்புறம் படி.

குளிரிலிருந்து வந்த இரும்பைச் சூட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அப்பா எத்தனை முறை கத்தியிருப்பார்? இரும்பு வியர்க்கும். வெறும் இரும்பு என்றால் துடைத்துவிடலாம். அதன் மேல் துணி. துணியில் கடல் உப்பு. கீழே கொதிக்கிற ரேடியேட்டர். ஐந்து வயதிலேயே நமக்கு இது தெரியும். வேட்டைத் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்த மாமாவை அப்பா சாப்பாட்டுக்கு நடுவில் வெளியே துரத்தினாரே, நீதானே விழுந்து விழுந்து சிரித்தாய்? நூக்கில் பத்து வருஷம் இருந்தால் இதுவும் மறந்துபோகுமா?

அது அழுகிறது என்று அப்பா சொன்னாரே. அவர் சொன்னதை நீ குழந்தைப் பேச்சு என்றாய்.

இந்த ஆறு வாரத்தில் நான் கொண்டுவந்தது நான்கு சீல். போன வருஷம் கறுப்புக் குழலோடு இருபத்தொன்று. மூன்று நாய்களைக் கொடுத்துவிட்டேன். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்குமே, அப்பா பின்னாலேயே சுற்றிக்கொண்டு ஓடியதே, அதுவும் போய்விட்டது. எட்டுக்குத்தான் தீனி இருக்கிறது. இதை உன்னைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன். மறைக்கவில்லை.

கழற்றிவிட்டாயா?

எனோக்

*

நூக்
13 ஜூன் 1989

எனோக்,

உன் கடிதம் நேற்று, திங்களன்று வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே பிரித்துவிட்டேன்.

ஏன் பிரித்தேன் என்று சொல்கிறேன். நல்ல எண்ணத்தில் இல்லை. உன் குட்டை உடைக்கத்தான். கீழ் வீட்டில் யாகுப் என்று ஒரு பழைய வேட்டைக்காரர் இருக்கிறார். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து உட்கார வைத்து, "என் தம்பி இதுக்கு என்ன பண்ணியிருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்தேன்.

முதலில் கட்டை. ஒரு கீறல் இல்லை. அப்பாவின் கன்னம் பட்ட இடம் பளபளவென்று இருந்தது. நாய்ப் பல் நான்கும் இருந்தன. துணிக்கு உள்பக்கம் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய ஃபிளானல் வைத்துத் தைத்திருக்கிறாய். அதை நீ எழுதவே இல்லை. யாகுப் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன் தம்பிக்குக் கை நல்லா ஓடுதும்மா" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு குழல். துணி வரவில்லை. இழுத்தேன். ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுத்தபோது உள்ளே முழுக்கச் செங்கல் நிறம். தையல் ஓடிய வழியெல்லாம் அப்படியே குழலில் துரு வரி வரியாக ஓடுகிறது. உன் ஒவ்வொரு தையலையும் எண்ணலாம்.

"எத்தனை நாளா இங்க தொங்குது?" என்றார் யாகுப்.

"அஞ்சு வாரம்."

அவர் ரேடியேட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். காப்பியைக் குடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனோக், எனக்குத் தெரியும். மாமாவைத் துரத்தியதும் தெரியும், நான் சிரித்ததும் தெரியும். மறக்கவில்லை. அதை மாட்டும்போது கோபத்தில் கண்ணே தெரியவில்லை. உன் மேல் இருந்த கோபத்தை ஆணியடித்து மாட்டினேன். அதற்குக் கீழே அப்பாவின் துப்பாக்கி இருந்தது. நான் செய்தது இதுதான். இதற்கு நீ என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

உன் மேலும் கோபம் இருக்கிறது. பனிக்கட்டியிலிருந்து வந்த கையோடு கொடுத்தேன் என்கிறாய். கழற்றித் துடைத்தாயா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். 'நீங்களும் அவர் மகள்தானே' என்று எழுத மட்டும் நேரம் இருந்தது.

அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். விரலால் தடவினாள். விரல் சிவப்பானது.

"இதுக்கு வலிச்சிருக்கு" என்றாள்.

"ஆமாப்பா."

"யார் செஞ்சது?"

நீ செய்தாய் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பொய் சொன்னதாகவும் ஆகாது, பாதி உண்மைதானே. பிறகு, "நான்தான்" என்றேன்.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. அப்பா கோபம் வந்தால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாரே, அதேபோல் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மகன்கிட்டயே குடுத்துடு. அவன்கிட்ட இருந்தப்ப அதுக்கு வலிக்கல."

முதல் கப்பலில் வருகிறது. துணி இல்லாமல், எண்ணெய் பூசி. உன் உறையைத் துவைத்துப் பார்த்தேன். எந்தச் சோப்புக்கும் துரு போகவில்லை. அதையும் வைத்திருக்கிறேன்.

பிபலுக்

*

கிகெர்தாக்
20 ஜூலை 1989

அக்கா,

கப்பல் போன வாரம் செவ்வாயன்று வந்தது. பெட்டியைக் கரையிலேயே உடைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுமை இல்லை.

எட்டு நாளாகத் தேய்க்கிறேன். எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும். துரு போய்விட்டது. குழலின் முனையில் இரண்டு குழி மட்டும் போகாது, அது அங்கேயே இருக்கும். உள்ளே சுத்தமாக இருக்கிறது. நேற்று பாறை மேல் தகர டப்பா வைத்துச் சுட்டேன். நூற்றைம்பது அடியில் நடுவிலேயே பட்டது. வலி போய்விட்டது என்று அப்பாவிடம் சொல். தழும்பு இருக்கும் என்றும் சொல். அவருக்குத் தழும்பு புதிதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, துடைக்கவில்லை. துணி ஈரம் என்று தெரியும். ஓலே ஐந்து நிமிஷம் நின்றிருப்பான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஈரத்தோடு கொடுத்தால் அங்கே போய் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். 'அவள் கேட்டாள், அவளே அனுபவிக்கட்டும்' என்று நினைத்தேன். மூன்று மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உன் கடிதத்தில் 'நான்தான்' என்று படித்ததும் கடையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். அப்பாவிடம் பாதியை என் கணக்கில் மாற்றிவிடு.

உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. பொட்டு நாயை நினைத்தால் முழுசாக வருகிறது. குழலைத் தேய்க்கும்போது கொஞ்சம் குறைகிறது.

பனிக்கட்டி கரைந்துவிட்டது. இனி அடுத்த வசந்தம்தான். அதற்குள் ஒரு உறை தைக்க வேண்டும். அம்மாவின் விரிப்பில் மிச்சம் இல்லை. உங்கள் சலவைக்கூடத்தில் கிழிந்து கழித்துப் போட்டது ஏதாவது இருந்தால் அனுப்பு. தேயிலையில் நான் முக்கிக்கொள்கிறேன்.

துணி வந்தாலும், நீ சரி சொல்லாமல் கத்தரி வைக்க மாட்டேன். இதை இன்னும் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. பாதிரியாருக்குத் தெரியாது, மலேனேவுக்குத் தெரியாது, அப்பாவைக்கூட இன்னும் கேட்கவில்லை. முதலில் உன்னிடம்தான் கேட்கிறேன்.

வெள்ளையாக்கிக்கட்டுமா, அக்கா?

எனோக்